குடவோலையும் மோட்டார் ஸ்டார்ட்டரும்

தென்னேரியில் எங்கள் சித்தப்பாவின் கிணற்று மோட்டார் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானாக ஓட ஆரம்பித்தது. கிணற்றில் இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணியும் தீர்ந்து, காயில் கருகி நின்றது. இதில் என்ன சரித்திரம் இருக்கு என்று கேட்காதீர்கள், இருக்கு. கி.பி. 919 வரைக்கும் போய்விட்டு வரவேண்டிய அளவுக்கு இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, காபியோடு உட்காரவும்.

முதலில் ஊரைப் பற்றி ரெண்டு வரி. காஞ்சிபுரம் என்றால் எல்லாருக்கும் பட்டும் கோயிலும்தான் ஞாபகம் வரும். நாங்கள் வாலாஜாபாத் பக்கம். ஊரைவிட ஏரி பெரிது, மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. தொண்டைமான் இளந்திரையன் பேரில் திரையன் ஏரி என்று இருந்ததுதான் தேய்ந்து தென்னேரி ஆனது என்று சொல்வார்கள். ஏரி நிரம்பிய வருஷம் ஊர்க்காரர்கள் நடக்கிற நடையே வேறயாக இருக்கும்.

சித்தப்பாவின் நிலம் கடைமடை. ஏரித்தண்ணி வந்து சேர்வதற்குள் மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்திருப்பார்கள், அதனால் கிணறு. கிணற்றுக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரமோ பாதி நாள் நடுராத்திரி. பாம்பு, பல்லி, சேறு எல்லாவற்றையும் தாண்டி டார்ச் அடித்துக்கொண்டு போக வயசும் இல்லை. அதனால் மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினார். விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டிக்குள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். நாம் நம்ம போனிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டால், கூப்பிடுவது யார் என்று பார்த்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட நம்பராக இருந்தால் மோட்டாரைப் போடும், நிறுத்தும். வேறு யார் கூப்பிட்டாலும் சட்டை செய்யாது.

அப்படி இருக்கையில் ரெண்டு மணிக்குப் போட்டது யார்?

சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து நிலம் பங்காளியுடையது, எனக்குப் பெரியப்பா முறை. அந்த வருஷம்தான் கால்வாய்க் கரையை வெட்டியது தொடர்பாக ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. "அவன்தான் யாரையோ வெச்சு ஏதோ பண்ணிட்டான். போன்லயே எல்லாம் பண்றானுங்களாமே இப்ப" என்றார். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு, எனக்குத் தங்கச்சி முறை, சித்தப்பா போகவில்லை. சித்தி மட்டும் தலையைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் வந்தார். கிராமத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இனி கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர். பயப்படாதீர்கள், சீக்கிரம் ஊருக்குத் திரும்பிவிடுவேன்.

எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று இப்போது எங்கே திரும்பினாலும் கேட்கிறோம். விளிம்புக் கணிமை என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்க்காரனிடம் கடைமடைக் கணிமை என்று சொன்னால் இன்னும் சுருக்கமாகப் புரிந்துவிடும். எல்லா முடிவையும் எங்கேயோ இருக்கிற பெரிய சர்வரிடம் கேட்டுக் கேட்டு எடுக்காமல், காரியம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து அங்கேயே முடிவெடுப்பது. இதன் முன்னோடிகளில் ஒருவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2009-ல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் 'கிளவுட்லெட்' என்று ஒன்றை முன்வைத்தார்கள். வானத்தில் இருக்கிற பெரிய மேகம் வேண்டாம், காபிக்கடை மூலையில் வைக்கிற குட்டி மேகம் போதும், உங்கள் போனின் பாரத்தை அது சுமக்கும் என்பது யோசனை. அடுத்த நிமிஷமே வருகிற கேள்வி: காபிக்கடைக்காரர் வைத்திருக்கிற கம்ப்யூட்டரை எதை வைத்து நம்புவது?

இந்தக் கேள்விக்கு ஒரு பரம்பரை உண்டு. 1996-ல் மேட் பிளேஸ், ஜோன் ஃபைகன்பாம், ஜாக் லேசி என்ற மூன்று பேர் ஏடி அண்ட் டி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'டிரஸ்ட் மேனேஜ்மென்ட்', அதாவது நம்பிக்கை மேலாண்மை என்ற பேரில் ஒரு தனித்துறையே அங்கிருந்துதான் புறப்பட்டது. அதுவரை எல்லாரும் 'நீ யார்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள், அதை விடு, 'இந்தச் சாவியை வைத்திருக்கிறவன் இந்தக் காரியத்தைச் செய்யலாமா, கூடாதா?' என்று கேட்டார்கள். விதி ஓரிடத்தில் எழுதப்படலாம், முடிவை அந்தந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

படித்தபோது எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. சும்மா 'எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்தது' என்று மார்தட்டுகிற கோஷ்டி இல்லை நான். அந்த மாதிரிப் பதிவுகளைப் பார்த்தாலே எனக்கு ஒவ்வாமை. ஆனால் இது நிஜமாகவே உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து, பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தக சோழனின் ரெண்டு கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். ஒன்று 919, அடுத்தது 921. வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 அறிக்கையில் இவற்றைப் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. 'பழந்தமிழர் ஜனநாயகம்' என்ற ஒரு வரியோடு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நானும் ரொம்ப நாள் அது தேர்தல் பற்றிய கல்வெட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிதானமாகப் படித்தால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட யாரை நம்பக்கூடாது என்பதற்குத்தான் அதில் இடம் அதிகம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது, நம்ம வார்டு மாதிரி. ஓலையில் பேர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயசு 35-க்கு மேல், 70-க்குக் கீழ். முதல் கல்வெட்டில் இது 30-லிருந்து 60 வரை என்று இருந்தது, ரெண்டே வருஷத்தில் திருத்திவிட்டார்கள். வேதப்படிப்பு வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் திரும்ப வரமுடியாது. அவனோடு நிற்கவில்லை. அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன், சகலை, அப்பா, மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையே அச்சடிக்கிற அளவுக்கு நீள்கிறது பட்டியல். ஒருத்தர் பேரும் ஓலையில் ஏறாது.

சின்ன வயசில் இதைக் கேட்டபோது அநியாயமாகப் பட்டது. மச்சான் செய்த தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்? பிற்பாடு 2003-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த 'ஐகன்டிரஸ்ட்' என்ற முறையைப் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒருத்தருக்கொருத்தர் கோப்பு பரிமாறிக்கொள்கிற பல்லாயிரம் கம்ப்யூட்டர்களில் யாரை நம்பலாம் என்று, அவரவர் அனுபவத்தையும் அக்கம்பக்கத்தார் சொல்வதையும் கூட்டிக் கணக்குப் போடுகிற முறை அது. அவர்களை வாட்டிய பெரிய தலைவலி, கெட்டவர்கள் கூட்டணி சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் 'ரொம்ப நல்லவர்' என்று மார்க் போட்டுக்கொள்வது. இதற்கு ஒரு வருஷம் முன்னால், 2002-ல், ஜான் டவ்சர் இன்னொன்றைச் சொன்னார். பேர் எடுக்கச் செலவே இல்லை என்றால் ஒருத்தனே ஆயிரம் பேரில் வருவான் என்று. நம்ம பாஷையில் பினாமி.

உத்திரமேரூர் சபையார் ரெண்டுக்குமே வழி வைத்திருந்தார்கள். வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேண்டும் என்றால் ஆயிரம் பேரில் வரமுடியாது. சொந்தக்காரர் பட்டியல், கணக்குக் காட்டாதவன் தன் மருமகனை முன்னால் நிறுத்திப் பின்னாலிருந்து நடத்துவதைத் தடுக்கிறது. நம் உள்ளாட்சிகளில் இன்றைக்கும்… சரி வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஓலை எடுப்பதிலும் ஒவ்வொரு கைக்கும் ஒரு காவல் இருக்கிறது. பெரியவர் சிறியவர் எல்லாரும் கூடியிருக்க, நம்பிமார் ஒருத்தர்கூட வெளியே போகாமல் உள்ளே இருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்குகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு குடும்பின் கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருகிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்துவைக்க முடியாதபடி. அவன் வாசித்ததை நம்பிமார் எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும். யாரையும் முழுசாக நம்பவில்லை பாருங்கள், பையனைத் தவிர. 2017-ல் சில்வியோ மிக்காலியும் குழுவும் அல்கொராண்ட் என்ற பிளாக்செயின் முறையில் இதே மாதிரி சீட்டுக் குலுக்கித்தான் கமிட்டி அமைத்தார்கள். அங்கே பையனுக்குப் பதில் கணிதம்.

இப்படி வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஆயுசு 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் உடனே இறக்கிவிடுவார்கள்.

இந்த 360 நாளைப் பார்த்துவிட்டு நான் சிரித்தே விட்டேன். ஒரு இணையதளம் தான் யார் என்று காட்டுகிற சான்றிதழ் இருக்கிறதே, அதற்கு ஒரு காலத்தில் ஐந்து வருஷம் ஆயுசு. குறைத்துக் குறைத்து 2020 செப்டம்பரில் 398 நாளுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் அதிகம் என்று, 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாளாக்குவது என்று 2025 ஏப்ரலில் முடிவெடுத்தார்கள். கொடுத்த நம்பிக்கையைத் திரும்பப் பிடுங்குவது கஷ்டம், தானாகக் காலாவதி ஆகிற மாதிரி கொடுப்பதுதான் சுலபம் என்று அங்கேயும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

கணக்குக் காட்டாதவன் கதையும் அங்கே உண்டு. நெதர்லாந்தில் டிஜிநோட்டர் என்று ஒரு கம்பெனி, இந்தச் சான்றிதழ்களைக் கொடுப்பதுதான் தொழில். 2011-ல் யாரோ உள்ளே புகுந்து கூகுள் பேரிலேயே போலிச் சான்றிதழ் தயாரித்துவிட்டார்கள். கம்பெனிக்கு ஜூலையிலேயே திருட்டு தெரியும், வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானிலிருந்து ஜிமெயில் பார்த்த ஒருவருக்கு எச்சரிக்கை வந்து குட்டு உடைந்தது. பிரவுசர்கள் எல்லாம் அந்தக் கம்பெனி பேரையே பட்டியலிலிருந்து தூக்கின. செப்டம்பரில் திவால். திருடு போனதுகூடப் பெரிசில்லை, மறைத்ததுதான் முடித்துவிட்டது.

இதெல்லாம் சரி, உத்திரமேரூரைக் கொண்டாடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த முப்பது குடும்பிலும் ஓலை ஏறியது நிலமுள்ள, வேதம் படித்த பிராமண ஆண்களின் பேர் மட்டும். பெண் இல்லை, தறி நெய்தவன் இல்லை, ஏர் ஓட்டியவன் இல்லை. ஏரி வாரியத்தின் ஆறு பேரும் ஏரிக்குள் இறங்கி மண் எடுத்திருப்பார்களா என்ன.

என் சின்ன வயசில் எங்கள் பக்கம் மதகு திறக்க ஒரு தாத்தா இருந்தார். நீர்க்கட்டி என்போம், கம்புகட்டி என்று சொல்கிற ஊரும் உண்டு. காலனியிலிருந்து வருவார். எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாழிகை, எந்த வயலில் பயிர் வாடுகிறது, யார் ராத்திரி மடையை வெட்டிவிடுவான் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அறுவடையானதும் களத்திலேயே நெல் அளப்பார்கள், அதுதான் சம்பளம். அவரை எந்தக் குடத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததும் இல்லை. ஆனால் ஊர்த் தண்ணியே அவர் கையில். மேலத்தெருக்காரர் அதட்டினாலும் கடைமடைக்குத் தண்ணி போய்ச்சேரும் வரைக்கும் மடையை மாற்றமாட்டார். சித்தப்பா இன்றைக்கும் சொல்வார், "அந்த ஆள் இருந்தவரைக்கும் நான் கிணறு வெட்டலடா."

வெள்ளைக்காரன் வந்த பிறகு ஏரி கைமாறிய கதை பெரிசு, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரார் மராமத்து செய்துவந்ததை 1858-ல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. நாற்பது ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் அரசுத் துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று பிற்பாடு கணக்கானது. ஊர்க்காரனுக்கு ஏரி 'கவர்மெண்டு ஏரி' ஆகிவிட்டது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரும் இதே மாதிரிதான், பெரிய மெயின்ஃபிரேம், அப்புறம் மேஜைக்கு ஒன்று, அப்புறம் எல்லாம் மேகத்துக்கு, இப்போது மறுபடி விளிம்புக்கு.

மறுபடி விளிம்புக்கு வரும்போது நீர்க்கட்டித் தாத்தா மாதிரி ஆளைத்தான் வைத்தார்களா? 2016-ல் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. மிராய் என்ற நச்சு நிரல் ஊர் உலகத்துக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது. பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை யாருமே மாற்றவில்லை. அப்படி அறுபது சொச்சம் பாஸ்வேர்டு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது, அவ்வளவுதான். அக்டோபர் 21-ஆம் தேதி டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்தக் கூட்டம் மொத்தமாகப் பாய்ந்ததில் டுவிட்டரும் நெட்ஃபிளிக்சும் பல மணி நேரம் படுத்தன. எழுதியது மூன்று இளைஞர்கள், 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலில்தான் சட்டப்படி தடை செய்தது. நம்மூரில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமானது 2025-ல்.

மிராயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது. சித்தப்பாவின் பெட்டியும் இதே ஜாதிதானே? பெரிய சர்வர் எதுவும் கிடையாது. யாரை நம்புவது என்ற முடிவை வயல் நடுவில் அந்தத் தகரப் பெட்டியே எடுக்கிறது. அதன் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கையேட்டைத் தேடி எடுத்து (பரண் மேல், எலி கடித்த நிலையில்) அதில் சொன்னபடி பெட்டிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினேன். பதிவாகியிருக்கும் நம்பர்களைத் திருப்பி அனுப்பியது. மூன்று நம்பர். ஒன்று சித்தப்பா. ரெண்டாவது தம்பி. மூன்றாவது?

மாட்டிக்கொடுத்த மெக்கானிக்.

மாட்டிய அன்றைக்கு சரிபார்க்கத் தன் நம்பரைப் போட்டிருக்கிறார், எடுக்க மறந்துவிட்டார். கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், நேர்மையான ஆள், யோசித்துவிட்டு அவரே சொன்னார். அவர் மாட்டிக்கொடுத்த பெட்டி ஏகப்பட்டது, போனில் 'மோட்டார் 1', 'மோட்டார் 2' என்று வரிசையாகப் பதிந்திருக்கிறார். வேறு ஊரில் புதுசாக மாட்டிய பெட்டியைக் கரண்ட் வந்த நேரத்தில் சோதிக்கப் போய், தூக்கக் கலக்கத்தில் ஒரு வரி தள்ளி அழுத்தியிருக்கலாம். "அன்னிக்கு அந்த மோட்டார் ஓடவே இல்லை சார், வயரிங்ல கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். அவர் வயரைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தென்னேரியில் எங்கள் காயில் கருகிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவிடம் போனை நீட்டிக் காட்டினேன். அந்த மூன்றாவது நம்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேல முடிஞ்சா சாவிய வாங்கணும். நான் வாங்கல" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார்கள் என்று சித்திதான் அப்புறம் சொன்னார். சித்தப்பா கல்யாணத்துக்கு வராததைப் பற்றி ஆரம்பித்தாராம், முடிக்கவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "காயில் கட்ட எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டாராம். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தாராம். மகளும் மாப்பிள்ளையும் ஆடிக்கு வந்தபோது சித்தப்பா வீட்டில்தான் விருந்து.

இப்போது பம்ப்செட் ரூம் சுவரில் சாக்பீசால் எழுதியிருக்கிறது, யார் யார் நம்பர் உள்ளே இருக்கு என்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லா நம்பரையும் அழித்துவிட்டுப் புதுசாகப் பதிவு செய்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை உதவிக்கு இருக்கட்டும் என்று என் நம்பரையும் சேர்த்திருந்தேன். போன மாசம் சென்னையிலிருந்து சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன், பெட்டி எடுக்கவே இல்லை. சித்தப்பாவைக் கேட்டால், "நீதான் பொங்கலுக்கு வரலையேடா" என்கிறார்.